இழையத்துக்குள் விளக்கேற்றிய வைத்தியர் அல்பர்ட் கூன்ஸ்

மார்பிலோ கழுத்திலோ தோன்றிய கட்டியொன்று அகற்றப்பட்டுச் சில வாரங்கள் கழிந்த பின்னர், நோயாளியின் குடும்பத்தாரிடம் ஓர் அறிக்கை வந்து சேர்கின்றது. ஈஸ்ட்ரஜன் ஏற்பி உண்டு, புரொஜெஸ்டரோன் ஏற்பி உண்டு, ஹேர்-2 இல்லை என்பன போன்ற சில வரிகள் அதில் காணப்படுகின்றன. குடும்பத்தாருக்கு அவற்றின் பொருள் விளங்குவதில்லை. ஆயினும் நோயாளிக்கு எந்த மருந்து கொடுக்கப்பட வேண்டும், எது கொடுக்கப்படக்கூடாது, எத்தனை ஆண்டுகள் சிகிச்சை தொடர வேண்டும் என்பவற்றை வைத்தியர் அவ்வரிகளைக் கொண்டே தீர்மானிக்கின்றார். ஓர் உயிரின் போக்கை நிர்ணயிக்கும் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் நெடுங்காலத் தேடல் மறைந்திருக்கின்றது. அவர் அமெரிக்க வைத்தியரான அல்பர்ட் ஹியூவிற் கூன்ஸ். நிர்ப்பீடனவியலையும் நோயியலையும் கற்ற எவரும் அறிந்த பெயர் இது. அந்த அறிவின் பயனைப் பெறுகின்ற எமது கரையோர மக்களும் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

கூன்ஸ் 1912 ஜூன் 28 ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள குளோவர்ஸ்வில் எனும் சிறுநகரில் பிறந்தார். தோல் பதனிடலும் கையுறைத் தயாரிப்புமே அந்நகரின் பிரதான தொழில்களாக இருந்தன. கையுறைத் தொழிலே அதற்குப் பெயரையும் கொடுத்தது. வில்லியம்ஸ் கல்லூரியில் கற்று 1933 இல் பட்டம் பெற்ற கூன்ஸ், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1937 இல் வைத்தியரானார். பின்னர் பொஸ்டன் நகரின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் பயிற்சி பெற்றார். அக்காலத்தில் அவர் ஆய்வுகூடத்துக்குரியவராக அன்றி, நோயாளியின் கட்டிலருகே நிற்கும் வைத்தியராகவே உருவாகிக் கொண்டிருந்தார். அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு வித்திட்ட வினாவும் அத்தகைய ஒரு கட்டிலருகே பிறந்ததுதான்.

அந்நாளில் அமெரிக்காவின் வைத்தியசாலைகளை நிரப்பிய நோய்களுள் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக்காய்ச்சலாகும். சிறுவர்களுக்கு முதலில் தொண்டைநோ வரும். அதற்குக் காரணமான ஸ்ரெப்ரோகொக்கஸ் பக்றீரியா சில நாட்களில் அகன்றுவிடும். ஆனால் இரண்டு மூன்று வாரங்களின் பின்னர் மூட்டுகள் வீங்கும், இருதயமும் பாதிக்கப்படும். இருதய வால்வுகள் சேதமுற்ற சிறுவன் வாழ்நாள் நோயாளியாகிவிடுவான். செல்வந்த நாடுகளில் இந்நோய் இன்று அருகிவிட்டது. நெருக்கமான குடியிருப்புகளும் வறுமையும் நிலவுகின்ற தெற்காசிய நாடுகளிலோ அது முற்றாக ஒழியவில்லை. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளும் இருதய நோயாளிகளை எமது பிரதேசத்து மக்களும் அறிவர்.

இந்நோயினால் இறந்தவர்களின் இருதயத் தசையை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஜெர்மானிய நோயியல் அறிஞர் லுட்விக் அஷோஃப், அதில் விசேடமான சிறு முடிச்சுகள் இருப்பதை 1904 இல் விபரித்திருந்தார். அம்முடிச்சுகள் ஏன் தோன்றுகின்றன என்பதற்குத்தான் விடை கிடைக்கவில்லை. முடிச்சுக்குள் பக்றீரியா இல்லை. அப்படியாயின் பக்றீரியாவின் ஏதேனுமொரு பகுதி அங்கு சென்று தங்கியிருக்கின்றதா? அதனை எதிர்த்து உடல் தொடுக்கும் போரின் விளைவுதானா அந்த முடிச்சு? அக்கால அறிஞர் பலர் அவ்வாறே ஊகித்தனர். ஆனால் அதனை எவரும் நேரடியாகக் கண்டதில்லை. காண்பதற்கு வழியும் இருக்கவில்லை.

1939 கோடைகாலத்தில் கூன்ஸ் ஜெர்மனியின் தலைநகர் பேர்லினுக்குச் சென்றிருந்தார். இரண்டாம் உலகப் போர் வெடிப்பதற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்த காலம் அது. அங்கு தங்கியிருந்த நாட்களில் வாதக்காய்ச்சல் குறித்த சிந்தனை அவரை விடவில்லை. பக்றீரியாவுக்கு எதிராக உடல் உற்பத்தி செய்யும் பிறபொருளெதிரியையே துப்பறிபவனாக அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

பிறபொருளெதிரி என்பது உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை அடையாளங்கண்டு அதனுடன் மட்டும் இணைகின்ற புரதமாகும். ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு என்றாற்போல, ஒவ்வொரு பிறபொருளுக்கும் அதற்கேயுரிய பிறபொருளெதிரி உண்டு. அது தன் இலக்கை இலட்சக்கணக்கான வேறு மூலக்கூறுகளுக்கிடையிலும் தவறாது கண்டுபிடிக்கும். ஆனால் கண்டுபிடித்த செய்தியை அதனால் எமக்கு அறிவிக்க முடியாது. அதுவும் கண்ணுக்குப் புலப்படாத பொருளல்லவா? எனவே அதன் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து அனுப்ப வேண்டும், அது எங்கு சென்று தங்குகின்றதோ அங்கு வெளிச்சம் தெரியும் என்பதே கூன்ஸ் கொண்ட எண்ணத்தின் சாரம்.

புரதத்துடன் சாயத்தை இணைக்கும் முயற்சி அவருக்கு முன்னரும் நடந்ததுண்டு. 1930 களில் சில ஆய்வாளர்கள் பிறபொருளெதிரிக்குச் செந்நிறச் சாயமூட்டி, பக்றீரியாக்கள் நிறம் பெறுவதைக் காட்டியிருந்தனர். ஆனால் மெல்லிய இழையத் துண்டொன்றில் அணுவளவாகத் தங்கியிருக்கும் பிறபொருளைக் காட்ட அந்த நிறம் போதுமானதாக இல்லை. வெளிச்சமான பின்னணியில் மங்கிய நிறத்தைத் தேடுவது பட்டப்பகலில் நட்சத்திரத்தைத் தேடுவதற்கு ஒப்பானது. கூன்ஸ் அதனைத் தலைகீழாக மாற்றினார். நிறமூட்டுவதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர் பட்டதும் தானே ஒளி வீசும் பொருளைப் பிறபொருளெதிரியுடன் இணைக்க எண்ணினார். அப்போது பின்னணி இருளாக இருக்கும். இருளில் சிறு பொறியும் தெரியும்.

பொஸ்டனுக்குத் திரும்பிய அவர், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் பக்றீரியவியல், நிர்ப்பீடனவியல் துறையில் இணைந்து இம்முயற்சியில் இறங்கினார். வைத்தியரான அவருக்கு இரசாயனவியலாளரின் துணை அவசியமாயிற்று. ஹார்வர்டில் லூயிஸ் பீசரின் இரசாயன ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஹியூ கிரீச், நோர்மன் ஜோன்ஸ் ஆகியோர், புற்றுநோயை உண்டாக்கும் சில இரசாயனங்களைப் புரதத்துடன் இணைக்கும் முறையை அப்போது ஆராய்ந்து கொண்டிருந்தனர். அதே இணைப்பு முறை கூன்ஸின் தேவைக்கும் பொருந்தியது. ஆந்திரசீன் எனும் ஒளிரும் சேர்வையை நியூமோகொக்கஸ் பக்றீரியாவுக்கு எதிரான பிறபொருளெதிரியுடன் அவர்கள் இணைத்தனர். அவ்வாறு இணைத்த பின்னரும் பிறபொருளெதிரி தன் இலக்கை மறக்கவில்லை. அது பக்றீரியாவில் சென்று ஒட்டிக்கொண்டது. பக்றீரியா நீல நிறத்தில் ஒளிர்ந்தது. 1941 இல் இம்முடிவு வெளியிடப்பட்டது.

ஆயினும் மகிழ்ச்சி முழுமையானதாக இருக்கவில்லை. உடலின் இழையங்களும் கழியூதாக் கதிர் பட்டால் இயல்பாகவே மெல்லிய நீல ஒளியை வீசுவனவாகும். நீலத்துக்குள் நீலத்தை எவ்வாறு பிரித்தறிவது? எனவே பசும் மஞ்சள் ஒளி தரும் புளோரசீன் எனும் சேர்வை தெரிவு செய்யப்பட்டது. அதனைப் புரதத்துடன் இணைப்பதற்கு ஏற்ற வடிவமாக மாற்ற, முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவாகப் பயன்படுத்தப்பட்ட பொஸ்ஜீனைக் கையாள வேண்டியிருந்தது. ஆபத்தும் சிரமமும் நிறைந்த அவ்வேலையின் பின்னர், நியூமோகொக்கஸ் தொற்றுக்குள்ளான எலியின் இழையங்களில் அதன் பிறபொருள் எங்கெங்கு தங்கியிருக்கின்றது என்பதைப் பச்சை ஒளியாகக் கூன்ஸ் கண்டார். 1942 இல் வெளியான அந்த ஆய்வே, இழையத்துக்குள் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு இருக்குமிடத்தைப் பிறபொருளெதிரியின் துணைகொண்டு காட்டும் கலையின் தொடக்கமாகும்.

அத்துடன் ஆய்வு தடைப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியிருந்ததால் கூன்ஸ் இராணுவ மருத்துவப் பிரிவில் இணைந்து பசுபிக் பிராந்தியத்துக்குச் சென்றார். தான் கண்டறிந்த முறையைச் செம்மைப்படுத்தும் வாய்ப்பின்றி முப்பது வயதின் முக்கியமான ஆண்டுகளை அங்கு கழித்தார். போர் முடிந்து ஹார்வர்டுக்குத் திரும்பியபோது, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. மெல்வின் கப்ளான் எனும் இளம் வைத்தியர் அவருடன் இணைந்தார். இருவரும் சேர்ந்து உறைநிலையில் இழையத்தை மெல்லியதாக வெட்டுதல், தேவையற்ற இடங்களில் ஒட்டிக்கொள்ளும் ஒளிர்வை நீக்குதல் முதலான நுட்பங்களை ஒழுங்குபடுத்தி, ஏனைய ஆய்வாளர்களும் பின்பற்றத்தக்க முறையை 1950 இல் வெளியிட்டனர். முதல் எண்ணம் உதித்து அதற்குள் பதினொரு ஆண்டுகள் கடந்திருந்தன.

அதன் பின்னர் பலன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1954 இல் தோமஸ் வெலருடன் இணைந்து கூன்ஸ், கொப்புளிப்பான் வைரசையும் அக்கி எனப்படும் ஹேர்பீஸ் சொஸ்டர் வைரசையும் இம்முறையால் ஆராய்ந்தார். அதே ஆய்வில் மறைமுக முறையும் கையாளப்பட்டது. முதலாவது பிறபொருளெதிரியை விளக்கின்றி அனுப்பிவிட்டு, அதனைத் தேடிச் செல்லும் இரண்டாவது பிறபொருளெதிரியிடம் விளக்கைக் கொடுப்பதே அம்முறையாகும். இதனால் ஒளி பெருகியது. ஒரே விளக்குப் பல தேடல்களுக்கு உதவியது. 1955 இல் எலிசபெத் லெடுக், ஜீன் கொனலி ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வுகளில், பிறபொருளெதிரியை உற்பத்தி செய்வது பிளாஸ்மாக் கலங்களே என்பதைக் கலங்களுக்குள்ளேயே ஒளிரச் செய்து காட்டினார். நிர்ப்பீடனவியலின் நீண்டகால விவாதமொன்றுக்கு அது முடிவாக அமைந்தது.

ஏனைய நாடுகளும் இம்முறையைக் கைக்கொண்டன. 1958 இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், விசர்நாய்க்கடி நோயினால் இறந்த விலங்கின் மூளையில் வைரஸைக் கண்டறிய ஒளிரும் பிறபொருளெதிரியைப் பயன்படுத்தினர். அதற்கு முன்னர் மூளைக் கலங்களில் தோன்றும் நுண்ணிய திரள்களைத் தேடியோ, எலிகளுக்கு ஊசி ஏற்றி நாட்கணக்கில் காத்திருந்தோதான் முடிவு காண வேண்டியிருந்தது. புதிய பரிசோதனையால் சில மணித்தியாலங்களில் விடை கிடைத்தது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் உட்பட உலகின் விசர்நோய் ஆய்வுகூடங்கள் கையாண்டுவரும் முறை இதுவேயாகும். கடித்த நாய்க்கு விசர் இருந்ததா என்று அஞ்சி நிற்கும் குடும்பத்துக்கு அந்த விரைவான விடையின் பெறுமதி விளங்கும்.

சிறுநீரக நோய்களிலும் இதன் பங்கு பெரிது. சிறுநீரகத்திலிருந்து ஊசி மூலம் எடுக்கப்படும் சிறு துண்டில் பிறபொருளெதிரிகள் எவ்விடத்தில், எவ்வடிவத்தில் படிந்துள்ளன என்பதைப் பார்த்தே பல சிறுநீரக அழற்சிகள் வகைப்படுத்தப்படுகின்றன. இலங்கையின் வட மத்திய மாகாணத்து விவசாயிகளைத் தாக்கிய, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயை ஆராய்ந்தபோதும் இப்பரிசோதனை உதவியது. அந்நோயாளிகளின் சிறுநீரகங்களில் அத்தகைய விசேட படிவுகள் காணப்படாமையால், அது உடலின் எதிர்ப்புச் சக்தி தடுமாறியதால் வந்த அழற்சியன்று என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வர முடிந்தது. ஒளி தெரிவது மட்டுமன்றி, ஒளி தெரியாமையும் ஒரு விடைதான்.

கூன்ஸுக்கு உரிய கௌரவங்கள் வந்து சேர்ந்தன. 1959 இல் லாஸ்கர் விருதும், 1961 இல் ஜெர்மனியின் போல் ஏர்லிக் பரிசும், 1962 இல் கனடாவின் கெய்ட்னர் விருதும் அவருக்குக் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் அவரது முறை இன்றி நடந்திருக்க முடியாத ஆய்வுகள் பல நூறு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஹார்வர்டிலேயே ஆய்வையும் கற்பித்தலையும் தொடர்ந்த அவர், 1978 செப்டெம்பர் 30 ஆம் திகதி தமது 66 ஆவது வயதில் காலமானார்.

அவரைப் பேர்லினில் சிந்திக்க வைத்த வாதக்காய்ச்சல் வினா என்னவாயிற்று? அம்முடிச்சின் புதிரை அவர் தாமாக அவிழ்க்கவில்லை. ஆனால் அவருடன் பணியாற்றிய கப்ளான் அதே விளக்கை ஏந்தி 1960 களில் முக்கியமான உண்மையொன்றைக் கண்டார். ஸ்ரெப்ரோகொக்கஸ் பக்றீரியாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மனித இருதயத் தசையிலும் சென்று ஒட்டிக்கொள்கின்றன என்பதே அது. பக்றீரியாவின் சில பகுதிகளும் இருதயத்தின் சில பகுதிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், எதிரியை நோக்கி எறிந்த ஈட்டி சொந்த வீட்டிலும் பாய்கின்றது. முன்னோர் ஊகித்ததுபோல பக்றீரியாவின் எச்சம் இருதயத்தில் தங்கியிருப்பது அன்று காரணம். உடலின் அடையாளத் தடுமாற்றமே காரணம். ஒருவர் எழுப்பிய வினாவுக்கு அவருடைய முறையைக் கொண்டே இன்னொருவர் விடை தேடியதும், விடை எதிர்பார்த்த இடத்தில் இல்லாதிருந்ததும் அறிவியலின் இயல்பான நடைமுறையாகும்.

கூன்ஸின் விளக்குக்கு ஒரு குறை இருந்தது. அதனைப் பார்க்க இருட்டறையும் விசேட நுணுக்குக்காட்டியும் வேண்டும். ஒளியும் நாளடைவில் மங்கிவிடும். உறையவைத்த புதிய இழையம் தேவை. சாதாரண வைத்தியசாலைகளில் இவை எளிதல்ல. இக்குறையைத் தீர்க்கும் பணி அவரது வாழ்நாளிலேயே ஆரம்பமாயிற்று. 1966 இல் அமெரிக்காவில் போல் நகானே, பெரி பியர்ஸ் ஆகியோரும், பிரான்சில் ஸ்ரத்திஸ் அவ்ரமியாஸும் ஒளிரும் பொருளுக்குப் பதிலாக நொதியத்தைப் பிறபொருளெதிரியுடன் இணைத்தனர். அந்த நொதியம் தன்மீது ஊற்றப்படும் இரசாயனத்தைக் கபில நிறப் படிவாக மாற்றும். அப்படிவைச் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே பார்க்கலாம். அது ஆண்டுக்கணக்கில் மங்காது. 1974 இல் ஒக்ஸ்போர்ட்டில் கிளைவ் டெய்லரும் சகாக்களும், போமலினில் இட்டு மெழுகில் பதித்த வழமையான இழையத்திலும் இது சாத்தியம் என்று காட்டினர். 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் ஆகிய இருவரும் ஒரே தன்மையுடைய பிறபொருளெதிரிகளை வரையறையின்றி உற்பத்தி செய்யும் வழியைக் கண்டனர். 1991 இல், போமலினால் மறைந்துபோன பிறபொருள்களை இழையத்தைச் சூடாக்குவதன் மூலம் மீட்டெடுக்கும் முறை வெளியாயிற்று. இவையனைத்தும் ஒன்றுசேர்ந்தே இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்றழைக்கப்படும் இன்றைய நிர்ப்பீடன இழையப் பரிசோதனை உருவாயிற்று.

இப்பரிசோதனை ஏன் தேவைப்படுகின்றது? புற்றுநோயின் பெரும்பகுதியை ஊதா, இளஞ்சிவப்பு ஆகிய இரு வழமையான சாயங்களைக் கொண்டே நோயியல் நிபுணர் கண்டறிந்துவிடுகின்றார். கலங்களின் உருவமும் அவை அமைந்துள்ள ஒழுங்குமே அவருக்குப் போதுமானவை. ஆனால் சில கட்டிகள் தம் பிறப்பிடத்தின் சாயலை முற்றாக இழந்துவிடுகின்றன. கழுத்தில் பெருத்த நிணநீர்க் கணுவொன்றில் ஒரேமாதிரியான கலங்கள் கூட்டமாகத் தெரிகின்றன எனக் கொள்வோம். அது நிணநீர்த் தொகுதியிலேயே தோன்றிய லிம்போமாவா? தொண்டையிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ பரவிய வேறு புற்றுநோயா? சாயம் மட்டும் விடை தராது. வெண்குருதிக் கலங்களுக்குரிய புரதத்தைத் தேடும் பிறபொருளெதிரியும், மேலணி இழையத்துக்குரிய கெரட்டின் புரதத்தைத் தேடும் பிறபொருளெதிரியும் தனித்தனித் துண்டுகளில் இடப்படுகின்றன. எந்தத் துண்டு கபில நிறமடைகின்றதோ அதுவே கட்டியின் பூர்வீகத்தைக் கூறிவிடும். இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. லிம்போமாக்கள் பலவும் மருந்தினால் குணமாகக்கூடியவை என்பதால், தவறான பெயரிடல் ஓர் உயிரையே விலையாகக் கேட்கும்.

மார்புப் புற்றுநோயில் இதன் பயன் இன்னும் நேரடியானது. இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. கட்டியின் கலங்களில் ஈஸ்ட்ரஜன் ஏற்பி இருப்பது இப்பரிசோதனையால் தெரியவந்தால், தெமொக்சிபென் போன்ற விலை குறைந்த மாத்திரையை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலாகவோ உட்கொள்வதன் மூலம் நோய் திரும்பும் அபாயத்தைப் பெருமளவு குறைக்கலாம். ஏற்பி இல்லாதவருக்கு அம்மாத்திரையால் பயனில்லை. மார்புப் புற்றுநோயாளரில் ஏறத்தாழ 15 முதல் 20 வீதமானோரிடம் ஹேர்-2 எனும் புரதம் மிகையாக இருக்கின்றது. அத்தகையோருக்காக டிரஸ்டுசுமாப் எனும் மருந்து 1998 இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அம்மருந்தும் ஒரு பிறபொருளெதிரியே என்பது கவனிக்கத்தக்கது. கூன்ஸ் விளக்கேந்தியாக அனுப்பிய அதே வகை மூலக்கூறு இன்று மருந்தாகவும் சென்று போரிடுகின்றது. ஆனால் யாருக்கு அது பயன்படும் என்பதை முதலில் இழையப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

இவை அம்பாறைக் கரையோரத்துக்கு அப்பாற்பட்ட செய்திகளல்ல. மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை பரந்து வாழும் எமது மக்களுக்கு இது அன்றாடப் பிரச்சினையாகும். கல்முனையிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்வதாயின் முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடக்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குவது ஆறுதலானது. எனினும் நோயை நேரத்தோடு காட்டுவதும் சரியான பரிசோதனைக்கு உடன்படுவதும் மக்களின் கையிலேயே உள்ளன.

இவ்விடத்தில் சில தயக்கங்களை வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். கட்டியில் கத்தியோ ஊசியோ பட்டால் நோய் உடலெங்கும் பரவிவிடும் என்ற அச்சம் எமது ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. நிபுணர்கள் முறைப்படி இழையத்துண்டு எடுப்பதால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை, அரிதாக நேரக்கூடிய தீங்கைவிடப் பன்மடங்கு பெரியது. உண்மையில் நோயைப் பரவவிடுவது அந்த அச்சத்தால் கழிந்துபோகும் மாதங்களேயாகும். மார்பில் கட்டியைக் கண்ட பெண்கள் வெட்கத்தினால் அதனைக் கணவரிடம்கூடக் கூறாமல் மறைப்பதும் உண்டு. பெண் வைத்தியரை நாடும் விருப்பம் நியாயமானது. அதற்கான ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அவ்விருப்பம் தாமதத்துக்குக் காரணமாகிவிடக்கூடாது. நோய்க்கு மருத்துவம் நாடுவதை எமது மார்க்கம் ஊக்குவித்தே வந்திருக்கின்றது. உயிரைப் பேணுதல் ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பதை உலமாக்கள் அறிவர். ஜும்ஆ மேடைகளில் இது பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும் பேசப்படுமாயின், எந்தச் சுவரொட்டியும் செய்ய முடியாத பணியை அது செய்யும்.

இலங்கை ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோயாகும். புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலைத் தட்டு எமது விருந்தோம்பலின் அடையாளமாக இருந்துவருகின்றது. வாயில் தோன்றி மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையோ வெள்ளைத் திட்டையோ அலட்சியம் செய்யாமல் காட்டிவிட வேண்டும். இந்நோயைக் கண்டறிய பெரும்பாலும் வழமையான சாயமே போதும். அதற்கும் முதலில் ஒரு சிறு துண்டு இழையம் தேவை.

வைத்தியசாலைகளுக்கும் கவனத்திற்குரிய விடயமொன்று உண்டு. அகற்றப்பட்ட இழையம் ஒரு மணித்தியாலத்துக்குள் போதுமான அளவு போமலினில் இடப்பட வேண்டும் என்பதும், மார்புக் கட்டியாயின் குறைந்தது 6 மணித்தியாலங்களும் கூடியது 72 மணித்தியாலங்களும் அதில் இருக்க வேண்டும் என்பதும் சர்வதேச வழிகாட்டலாகும். தாமதமானால் ஏற்பிகள் சிதைந்து, உள்ளது இல்லாததாகத் தோன்றக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் பயன் தரக்கூடிய மருந்து ஒரு நோயாளிக்கு மறுக்கப்பட்டுவிடும். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற தலைநகருக்குத் தொலைவிலுள்ள வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஆய்வுகூடம் வரையிலான அந்தப் பயணம் மிகுந்த அக்கறையைக் கோருகின்றது. பிறபொருளெதிரிகள் இறக்குமதி செய்யப்படுபவை, விலை உயர்ந்தவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதை நாடு கண்டது. பரிசோதனைக்குரிய பொருட்களையும் மருந்துக்கு நிகரான அத்தியாவசியப் பொருட்களாகக் கருதிக் கொள்வனவு செய்வதும், நோயியல் நிபுணர்களைக் கிழக்குக்குப் போதியளவில் நியமிப்பதும் சுகாதார அமைச்சின் கடமையாகும். எமது மக்கள் பிரதிநிதிகள் கட்டடங்களைக் கேட்கும் அதே ஆர்வத்துடன் இவற்றையும் கேட்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு பொறுப்புண்டு. இழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருத்தல், ஏற்பிகள் பரிசோதிக்கப்பட்டனவா என்று வைத்தியரிடம் மரியாதையுடன் வினவுதல், வேறு வைத்தியசாலைக்கு மாறும்போது மெழுகில் பதித்த இழையக் கட்டியையும் கேட்டறிதல் ஆகியன எவருக்கும் இயலக்கூடியவை. அந்த மெழுகுக் கட்டி பல ஆண்டுகள் கெடாது. பிற்காலத்தில் புதிய பரிசோதனை தேவைப்பட்டால் அதிலிருந்தே செய்து கொள்ளலாம். நோயாளியை மீண்டும் வருத்த வேண்டியதில்லை.

அல்பர்ட் கூன்ஸ் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். இருதயம் பழுதடைந்த சிறுவர்களுக்காக அவர் எழுப்பிய வினா, உலகின் பல கோடி நோயாளிகளுக்குப் பயன் தரும் விடைகளாக விரிந்தது. நோயை ஊகத்தால் அன்றி, அது இருக்குமிடத்திலேயே கண்டு அறிய வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை விட்டுச்சென்ற பாடமாகும். அவர் ஏற்றிய விளக்கு இன்று கல்முனையிலிருந்து அனுப்பப்படும் சிறு இழையத் துண்டின் மீதும் ஒளி பாய்ச்சக் காத்திருக்கின்றது. அத்துண்டு உரிய காலத்தில் ஆய்வுகூடத்தைச் சென்றடையச் செய்வது எம் அனைவரதும் கடமையாகும்.